எலி வளையும் ஏரிக் குத்தகையும்: யார் ஆடினால் வேட்டை, யார் ஆடினால் குற்றம்?

பியர் கிரில்ஸைத் தெரியாத இளைஞர்கள் குறைவு. காட்டில் தனியாக இறங்குவார், புழுவைப் பிடித்துத் தின்பார், பூச்சியை மெல்லுவார், ஆற்றில் மீன் பிடித்துச் சுடுவார். 2019 ஆகஸ்டில் ஒளிபரப்பான நிகழ்ச்சியில் இந்தியப் பிரதமர் ஜிம் கார்பெட் காட்டுக்குள் அவரோடு நடந்தார். 2020 மார்ச்சில் வெளியானதில் ரஜினிகாந்த் பந்திப்பூரில் நடந்தார். நாடே கைதட்டியது. வீரம், இயற்கையோடு இயைந்த வாழ்வு, உயிர்பிழைக்கும் கலை என்றெல்லாம் எழுதினார்கள்.

நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில், மழை விட்ட மறுநாள் எங்கள் தெருவில் நத்தைக்கறி மணக்கும். வயல் வரப்பில் பொறுக்கிய நத்தையை வேகவைத்து, ஓட்டை உடைத்து, மிளகு தூக்கலாகப் போட்டு ஆயா வறுத்துவைக்கும். அதைச் சோற்றுக்கு மேலே வைத்து எடுத்துப் போன நாளில் டிபன் பாக்ஸ் மூடியைப் பாதிதான் திறப்போம். ஒருநாள் ஆசிரியர் ஒருவர் பார்த்துவிட்டார். 'இதையெல்லாமாடா திங்கிறீங்க?' என்றார். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து மழைக்காலத்தில் நாங்கள் வெறும் ஊறுகாய்தான் கொண்டுபோனோம். அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை. நன்றாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அதனால்தான் அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஒரே பூச்சி, ஒரே மீன், ஒரே காடு. ஒருவர் தின்றால் சாகசம். இன்னொருவர் தின்றால் இழிவு. மூன்றாமவர் பிடித்தால் வழக்கு. இந்த மூன்றும் எப்போது, எப்படிப் பிரிந்தன என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. மாட்டுக்கறி அரசியல் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். காட்டிலும் வயலிலும் ஏரியிலும் பொறுக்கித் தின்னும் உணவின் அரசியலை அந்த அளவுக்குப் பேசவில்லை.

பழந்தமிழ்ப் பெருமை பேசுகிறவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. அதில் எயினர் குடியிருப்பு வருகிறது. எயிற்றியர் கடப்பாரை போன்ற கோலால் கரம்பை நிலத்தைக் கிளறி, எறும்பு சேர்த்துவைத்த புல்லரிசியை எடுத்து, நிலத்தில் தோண்டிய உரலில் குற்றி, உலர்ந்த இறைச்சியோடு சமைத்துக் கொடுக்கிறார்கள். நாய் பிடித்துவந்த உடும்பும் விருந்தாளிக்கு வருகிறது. பாடிய புலவர் முகம் சுளிக்கவில்லை. பாணனிடம் 'அங்கே போ, வயிறாரச் சாப்பிடுவாய்' என்றுதான் வழி சொல்கிறார். இன்று அதே உடும்பைப் பிடித்தால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை. அந்தச் சட்டத்தின் நியாய அநியாயத்துக்குப் பிறகு வருகிறோம்.

பக்தி இலக்கியத்திலும் இதே கதைதான். காளத்தி மலையில் கண்ணப்பன் பன்றி இறைச்சியை வாயில் போட்டுப் பதம் பார்த்து, நல்ல துண்டைச் சிவனுக்குப் படைக்கிறான். பூசை செய்யும் சிவகோசரியார் அருவருத்து ஓடுகிறார். பெரியபுராணம் வேடன் பக்கம்தான் நிற்கிறது. கம்பனின் குகன் இராமனுக்குத் தேனும் மீனும் கொண்டுவருகிறான். கதைக்குள் வேடனும் மீனவனும் கொண்டுவந்ததைக் கடவுள் ஏற்றுக்கொள்வார். கதைக்கு வெளியே அந்த வேடனின் பேரப்பிள்ளை டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கக் கூசுவான். கண்ணப்பன் பெயரைப் பிள்ளைக்கு வைப்பவர்கள் கண்ணப்பனின் சாப்பாட்டை வீட்டு வாசலில் விடமாட்டார்கள்.

சரி, இழிவு சாதி தந்தது. குற்றம் என்கிற முத்திரை எங்கிருந்து வந்தது?

தாது வருஷப் பஞ்சத்திலிருந்து தொடங்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்தில் பல லட்சம் பேர் செத்தார்கள். செத்தவர்களில் நிலமில்லாக் கூலிகள், அதாவது நம் முன்னோர்கள், முன்வரிசையில் இருந்தார்கள். நிவாரண வேலைக்குப் போனவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். இந்த அளவில் உடல் உழைப்பு செய்யும் மனிதன் பிழைக்க மாட்டான் என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். கூலியும் இல்லை, கஞ்சியும் இல்லை என்று ஆனபோது மக்களுக்கு மிஞ்சியது காட்டுக் கிழங்கும் கீரையும் குட்டை மீனும் எலியும்தான்.

இப்போது ஆண்டுகளைக் கவனியுங்கள். பஞ்சம் முடிந்த 1878-ல் ஆயுதச் சட்டம் வருகிறது: இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. 1879-ல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம். 1882-ல் சென்னை வனச் சட்டம். ஒதுக்கப்பட்ட காடு என்று கோடு போட்ட இடத்துக்குள் விதியை மீறி வேட்டையாடுவது, மீன் பிடிப்பது, கண்ணி வைப்பது, தண்ணீரில் நஞ்சு கலப்பது எல்லாம் குற்றம். பஞ்சத்தில் உயிர்பிழைக்க உதவிய வழிகள் ஒவ்வொன்றாக அடுத்த ஐந்தாறு ஆண்டுக்குள் சட்டத்தின் பிடிக்குள் போயின. பஞ்சத்தை மனதில் வைத்துத்தான் இவற்றைக் கொண்டுவந்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. காட்டைக் கப்பலுக்கும் ரயிலுக்கும் மரமாகவும் கஜானாவுக்கு வருமானமாகவும் பார்த்தார்கள். பஞ்சத்தில் மக்கள் எதைத் தின்று பிழைத்தார்கள் என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை. கணக்கில் இல்லாமல் போவதுதான் நம் சாபம், அன்றும் இன்றும்.

நீலகிரிச் சட்டத்தின் பின்னால் யார் இருந்தார்கள்? 1877-ல் உதகையில் கூடிய வெள்ளைக்கார வேட்டைக்காரர்களின் சங்கம். காட்டு விலங்குகள் குறைகின்றன என்ற கவலை அவர்களுக்கு உண்மையிலேயே இருந்தது. காபித் தோட்டத்துக்காகவும் தேயிலைக்காகவும் காட்டை அழித்ததும், வாரம் தவறாமல் குதிரையேறிப் போய்ச் சுட்டுத் தள்ளியதும் அவர்கள்தான். ஆனால் பழி விழுந்த இடம் வேறு. கண்ணி வைப்பவன், வலை விரிப்பவன், வயிற்றுக்காக அடிப்பவன்: இவன்தான் காட்டை அழிக்கிறான் என்று எழுதினார்கள். அவர்கள் பார்வையில் பதக்கத்துக்காகத் தலையை வெட்டி மாட்டினால் அது விளையாட்டு. பானைக்காக அடித்தால் திருட்டு. நீளத் துப்பாக்கி பண்பாடு, சுருக்குக் கயிறு காட்டுமிராண்டித்தனம்.

மீன் விஷயத்திலும் அதேதான். சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த சிவில் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் தூண்டில் மீன்பிடி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தூண்டில் பிரியர்கள் இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். அதே ஆண்டில் பிரான்சிஸ் டே நன்னீர் மீன்கள் பற்றி அரசுக்குப் பெரிய அறிக்கை கொடுத்தார். இருவருமே மீன்களை நேசித்தவர்கள், அறிவாளிகள். இருவருமே ஊர்மக்கள் மடை வாயில் வைக்கும் பரி, சிறுகண் வலை, ஓடையில் கலக்கும் மூலிகை நஞ்சு எல்லாவற்றையும் அழிவின் காரணமாகப் பார்த்தார்கள். 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடியும் நஞ்சும் தடை. அது சரிதான், வெடி போட்டால் குஞ்சும் குளுவானும் சேர்ந்து சாகும். ஆனால் இதே காலத்தில் நீலகிரி ஓடைகளில் என்ன நடந்தது? இங்கிலாந்து நினைவில் வாடிய துரைமார்களுக்காக டிரவுட் மீன் கொண்டுவர 1860-களிலிருந்தே முயன்று, 1900-களின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் கட்டி வெற்றியும் பெற்றார்கள். அந்த ஓடையில் தூண்டில் போட உரிமம் வாங்க வேண்டும். ஓடை நம்முடையது, மீன் அவர்களுடையது, உரிமம் காசு உள்ளவனுடையது.

துப்பாக்கி உரிமத்திலும் பாகுபாடு வெள்ளைக்காரனோடு முடியவில்லை. குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஆயுதச் சட்டத்தின் உரிமத்திலிருந்து ஆங்கிலேயர் விலக்கு கொடுத்தார்கள். சுதந்திர இந்தியாவிலும் அது தொடர்ந்து, 2019-ல் மேலும் பத்தாண்டு நீட்டிக்கப்பட்டது. அவர்கள் வீட்டில் துப்பாக்கி பண்பாடு. அதற்குப் பூசையும் உண்டு. நாங்கள் அதைப் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டு நரிக்குறவர் தோளில் தொங்கிய நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்து எந்த அரசாவது பண்பாடு என்று சொன்னதுண்டா? கௌதாரியும் காடையும் முயலும் அடித்து, சந்தையில் விற்று, மிச்சத்தைத் தின்று வாழ்ந்தவர்களிடம் 1972-ல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்து 'இனி இல்லை' என்றது. மாற்றுத் தொழில் எதையும் யாரும் கையில் கொடுக்கவில்லை. பாசிமணியும் ஊசியும் தான் மிஞ்சின. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் 50 ஆண்டு.

இந்த இடத்தில் கடல் தாண்டி ஒரு நிமிடம் போய் வருவோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலையான கறுப்பின மக்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. ஆனால் வேலியில்லாத காடு இருந்தது, ஆறு இருந்தது. முயல் பிடித்து, மீன் பிடித்து, காட்டில் பன்றியை மேயவிட்டு, வாரத்தில் சில நாள் மட்டும் கூலிக்குப் போய் வாழ முடிந்தது. பண்ணையார்களுக்கு இதுதான் பொறுக்கவில்லை. காட்டில் சோறு கிடைக்கும்வரை பருத்திக்காட்டுக்கு ஆள் வரமாட்டான் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். 1870-களிலிருந்து வேட்டைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள், அத்துமீறல் சட்டங்கள், மேய்ச்சலை அடைக்கும் வேலிச் சட்டங்கள் வந்தன. கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த மாவட்டங்களில் முதலில் வந்தன. 1946-ல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நிலைக்கும் இங்கே தீண்டப்படாதோரின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைக் குறிப்பிட்டார். அந்த ஒற்றுமையை நாம் வாக்குரிமையிலும் வன்முறையிலும் மட்டும் தேடுகிறோம். முயல் கண்ணியிலும் அது இருக்கிறது.

இனி நம் வயலுக்கு வருவோம்.

தஞ்சைப் பண்ணையாளின் கூலி மரக்கால் கணக்கில் அளக்கப்பட்டது. அந்த நெல் குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும் என்று பண்ணையாருக்கும் தெரியும், பண்ணையாளுக்கும் தெரியும். பற்றாக்குறையை நிரப்பியது வயல். நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் காலத்தில் நண்டு, நத்தை. வாய்க்கால் வற்றும்போது சேற்றுக்குள் கையை விட்டால் விரால், கெளுத்தி, ஆரால், குரவை. களை எடுக்கும்போது மடியில் ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி. குளத்தில் அல்லிக்கிழங்கு, கொட்டிக்கிழங்கு. அறுவடைக்குப் பின் எலி. மழைக்கு முன் ஈசல். விளக்கு வைத்துப் பிடித்து, இறகு புடைத்து, வறுத்த அரிசியோடு கலந்து தின்றால் அதற்கு ஈடான நொறுக்குத்தீனி இன்னும் கடையில் வரவில்லை என்பது எங்கள் கட்சி. இதில் பெரும்பகுதி பெண்களின், பிள்ளைகளின் உழைப்பு. 'வேட்டை' என்றதும் வில்லும் துப்பாக்கியும் ஏந்திய ஆண் நினைவுக்கு வருவதே நமக்குப் படிப்பித்த பொய்களில் ஒன்று. நம் வீட்டு வேட்டைக்காரி களைக்கொத்தியோடு போனவள்.

கூலியில் சேராத இந்தக் கூலியைப் பண்ணையார் கணக்கில் எடுத்துக்கொண்டார்; அதனால்தான் கூலியைக் குறைவாகவே வைத்திருக்க முடிந்தது. பிறகு பசுமைப் புரட்சி வந்தது. 1960-களில் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம், ஆடுதுறை 27 நெல், உரம், பூச்சிமருந்து. எண்ட்ரின் என்ற பெயர் அந்தத் தலைமுறைக்கு மறக்காது. பயிருக்கு அடித்ததைவிட, குடித்துச் செத்தவர்களின் பெயரோடு சேர்த்துத்தான் ஊர் அதை நினைவில் வைத்திருக்கிறது. மீனுக்கு அது கொடிய நஞ்சு. வயலில் தெளித்த மறுநாள் வாய்க்காலில் கெண்டை வெள்ளையாக மிதக்கும். மகசூல் கூடியது, உண்மை. கூடிய மகசூலில் கூலிக்காரனுக்குப் பங்கு கேட்டதற்கு என்ன பதில் கிடைத்தது என்பதற்கு 1968 டிசம்பர் 25 சாட்சி. கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்தப் போராட்டத்தைக் கூலி உயர்வுப் போராட்டமாக மட்டுமே படிக்கிறோம். கூலிக்கு வெளியே இருந்த சாப்பாடும் அதே ஆண்டுகளில் சேற்றிலேயே செத்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

வயல் போனால் ஏரி இருக்கிறதே என்று கேட்கலாம். ஏரி யாருடையது என்பதுதான் சிக்கல். 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் சவதார் குளத்துத் தண்ணீரை அம்பேத்கர் அள்ளிக் குடித்தார். குளத்தின் தண்ணீர் பற்றிய அந்தப் போராட்டம் நம் எல்லோருக்கும் பாடம். குளத்தின் மீன் பற்றி? தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், ஊருணி எல்லாம் பொதுச் சொத்து. ஆனால் மீன்பாசி ஏலம் என்று ஒன்று உண்டு. நீர்வளத் துறையோ ஊராட்சியோ மீன்வளத் துறையோ ஏலம் விடும். ஏலத்துக்கு முன்னாலேயே ஊர்ப் பெரியவர்கள் கூடி யார் எடுப்பது, எவ்வளவுக்கு எடுப்பது என்று பேசி முடித்துவிடுவார்கள். நம் தெருக்காரர் போய்க் கை தூக்கினால் அன்றிரவே தெருவுக்குள் 'பேச' ஆள் வரும். குத்தகை எடுத்தவர் குஞ்சு வாங்கி விடுவார்; ஆள் வைத்துக் காவல் போடுவார். அதுவரை தூண்டில் போட்டுக் குழம்புக்குப் பிடித்த பையன் அன்றிலிருந்து மீன் திருடன். அவன் பிடித்தது குத்தகைக்காரர் விட்ட ரோகுவா, ஏரியில் தானாக வளர்ந்த கெளுத்தியா என்று எந்தக் காவலாளியும் விசாரிப்பதில்லை. 1952-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஜிலேபிக் கெண்டை நம் குளங்களை நிரப்பி அயிரையையும் உளுவையையும் ஓரங்கட்டியது தனிக்கதை.

ஊராட்சித் தலைவர் நாற்காலிக்காக ஏன் கொலை செய்கிறார்கள் என்று நகரத்து நண்பர்கள் கேட்பார்கள். அந்த நாற்காலிக்குச் சம்பளமா கொட்டுகிறது? கொட்டவில்லை. ஆனால் பொதுச் சொத்தின் சாவி அந்த மேசையில் இருக்கிறது: புளியமரக் குத்தகை, கண்மாய் மீன், கருவேல மரம். 1996-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனும் அவரோடு பேருந்தில் வந்த தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 2006 வரை பத்தாண்டு காலம் தலித் தலைவர் பதவியில் உட்கார முடியவில்லை. சாதி வெறி என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அந்த வெறிக்குக் கீழே மீனும் மரமும் மண்ணும் இருக்கின்றன. கோடையில் மதுரை, சிவகங்கைப் பக்கம் நடக்கும் மீன்பிடித் திருவிழாவின் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கானோர் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஒரே நேரத்தில் கண்மாய்க்குள் இறங்குவது பார்க்க அழகுதான். அடுத்த முறை பார்க்கும்போது, கொடி அசைப்பவர் யார், ஆண்டின் மற்ற நாட்களில் அந்தக் கண்மாய் யார் கையில் என்றும் பாருங்கள்.

இந்த வரலாற்றில் நாம் குற்றம் சாட்டுகிறவர்கள் மட்டுமல்ல. செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கம் இருளர் மக்கள் இருக்கிறார்கள். வரப்பில் எலி வளையைக் கண்டுபிடித்து, மற்ற வாய்களை மண்ணால் அடைத்து, ஓட்டையிட்ட மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதிப் புகையை உள்ளே செலுத்துவார்கள். மயங்கிய எலியை எடுப்பார்கள். எலி சேர்த்துவைத்த நெல்லையும் படிக்கணக்கில் தோண்டி எடுப்பார்கள். எயிற்றியர் எறும்புப் புற்றில் எடுத்ததைப் போலத்தான். அந்த ஊதலில் உதடு வெந்த பெண்களையும், புகை குடித்து இருமும் பெண்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். வயல்காரனுக்குப் பயிர் மிச்சம், கொடுத்த கூலி சொற்பம். அவர்களை 'எலி தின்னி' என்று சொன்னது ஊர்த்தெரு மட்டுமில்லை. நம் தெருவும் சொன்னது. நத்தைக்கறிக்காக அவமானப்பட்டு வந்த நாங்களே, பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் ஓர் இருளர் பையனைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறோம். சாதி எப்படி வேலை செய்கிறது என்று அம்பேத்கரைப் படிப்பதற்கு முன்னாலேயே நாங்கள் செய்து காட்டிவிட்டோம். 'ஜெய் பீம்' படம் 2021-ல் வந்தபோது எலி பிடிக்கும் அந்தத் தொடக்கக் காட்சிகளைப் பார்த்து எங்களால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. (படத்துக்கு அடிப்படையான 1993-ஆம் ஆண்டு வழக்கில் கொல்லப்பட்டவர் குறவர் சமூகத்தவர், படத்தில் இருளராக்கியிருக்கிறார்கள். இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசுங்கள்.)

இருளரின் பாம்பு அறிவுக்கு நடந்ததைப் பாருங்கள். தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தவர்கள் அவர்கள். தோல் வெளிநாட்டுக்குப் போய்க் கைப்பையும் செருப்பும் ஆனது, லாபம் வியாபாரிக்கு. 1972 சட்டமும் 1976-ல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. வியாபாரி வேறு வியாபாரத்துக்குப் போனான், இருளர் பட்டினிக்குப் போனார்கள். 1978-ல் ரோமுலஸ் விட்டேகர் போன்றவர்களின் முயற்சியோடு இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் இன்றும் இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் உரிமத்தோடு பிடித்து, சில வாரம் பானையில் வைத்து, நஞ்சை எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்பவும் காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்துதான் போயிருக்கிறது. 2017-ல் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிப்போன மலைப்பாம்புகளைத் தேட, வெறும் இரும்புக் கம்பியோடு சதுப்பில் நடந்து ஒரு மாதத்துக்குள் இருபதுக்கும் மேல் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. சட்டத்தில் ஒரு கதவைத் திறந்துவிட்டால் 'வேட்டைக்காரன்' எதையெல்லாம் காப்பாற்றுவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் ஒரு கூட்டுறவுச் சங்கம் சில நூறு குடும்பத்தைத்தான் தாங்கும். மற்றவர்கள் அரிசி ஆலையிலும் விறகு வெட்டுமிடத்திலும் முன்பணத்துக்குக் கொத்தடிமைகளாகப் போனார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது என்பது ஏட்டில் இருக்கிறது.

சட்டத்தைத் திறந்து பார்த்தால் ஒரு கசப்பான வேடிக்கை. 1972 சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. தீங்குயிர்கள், கொன்றாலும் கேள்வியில்லை. அதில் கடைசிவரை நின்றவை காக்கை, பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி. முயலும் கௌதாரியும் காடையும் உடும்பும் காப்புப் பட்டியலில். ஏழைக்குச் சட்டம் விட்டுவைத்த கறி எலியும் காக்கையும்தான். அதைத் தின்றதற்கும் இழிவு. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டுவிட்டது. 2006 வன உரிமைச் சட்டம் நம் போராட்டங்களின் வெற்றி. சிறு வனப்பொருள் மீது உரிமை, நீர்நிலை மீன் மீது உரிமை, மேய்ச்சல் உரிமை எல்லாம் தருகிறது. ஆனால் மரபுரிமைகளை வரிசையாகச் சொல்லி வந்து, வேட்டையாடுவதையும் கண்ணி வைப்பதையும் பெயர் சொல்லி விலக்குகிறது. பழங்குடியல்லாத வனவாசிகள், அதாவது காட்டோரத் தலித்துகள், மூன்று தலைமுறை, 75 ஆண்டு அங்கே இருந்ததாக நிரூபிக்க வேண்டும். பட்டா இல்லாதவனிடம் 75 ஆண்டுக் காகிதம் கேட்கும் சட்டம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, காட்டுயிர்ச் சட்டத்தைத் தூக்கியெறி என்று சொல்கிறார்கள் இவர்கள் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். உடும்பு குறைந்துவிட்டது உண்மை. மின்கம்பி போட்டுப் பன்றி பிடிப்பதில் யானையும் சாகிறது, கம்பியை மிதித்த நம் ஆட்களும் சாகிறார்கள். நகரத்து விடுதிக்கு 'காட்டுக்கறி' என்று விற்பவர்கள் பசிக்காக அடிப்பவர்கள் இல்லை. அவர்கள் பிடிபட்டால் நாங்கள் வருத்தப்படப் போவதில்லை. எங்கள் கேள்வி வேறு. பிடிபடுவது யார்? தோட்டத்து பங்களாவில் விருந்துக்குச் சுட்டவரா, கண்ணியில் ஒரு முயல் மாட்டிய கூலிக்காரரா? எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்படி ஒரு முயலுக்காகத் தகப்பனார் 19 நாள் உள்ளே இருந்தார். வழக்குச் செலவுக்கு விற்றது இரண்டு ஆடு. மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை அந்த மாதம்தான் எழுதினாள். எழுதித் தேறினாள், அது அவள் திமிர். வனத்துறைக்காரர் கேட்ட கேள்வியை அந்தத் தங்கச்சி இன்னும் சொல்லிக்காட்டுவாள்: 'கோழி வாங்கித் திங்க வேண்டியதுதானே?'

அந்த ஆயாவிடம், நத்தை வறுத்துத் தந்த ஆயாவிடம், போன மழைக்காலத்தில் கேட்டோம். 'இப்ப நத்த எங்கடா கெடக்குது, மருந்தடிச்ச வயல்ல? டவுன்ல மூலத்துக்கு நல்லதுன்னு கிலோ கணக்குல விக்கிறானாமே, எங்கேருந்து கொண்டாறான்?' என்றது. எங்களிடம் பதில் இல்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் ஊர் ஏரி அல்லது கண்மாயின் மீன்பாசி ஏலம் கடந்த பத்தாண்டில் யார் பெயரில், எவ்வளவு தொகைக்குப் போயிருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். எந்த அலுவலகம் ஏலம் விடுகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்; ஏரிக்கு ஏரி மாறும். பதில் வந்ததும் அந்தப் பெயர்களைத் தெரு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பிறகு உங்கள் ஆயாவிடம் உட்கார்ந்து, அந்த ஏரியில் என்னென்ன மீன் இருந்தது, எந்தக் கீரை எந்தக் கரையில் முளைத்தது, எப்போதிலிருந்து இறங்கக் கூடாது என்றார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு தாளையும் சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள்.